நாகர்கோவிலில் இருந்து கொழும்பு: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

கருங்கல் வாசகர் கேட்டது, 11 பிப்ரவரி, காலை

அண்ணாச்சி, ஒரு பந்தயம். நம்ம ஊரில் இருந்து சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம் என்று மச்சான் அடித்துச் சொல்கிறான். அவன் சொன்னது சரி என்றால் நான் அவனுக்கு ஒரு முழு நெய்மீன் வாங்கிக் கொடுக்க வேண்டும். அது ஒரு பக்கம். ஏப்ரலில் நிஜமாகவே கொழும்புக்குப் போகிறேன், வெள்ளவத்தையில் அக்கா இருக்கிறாள். திருவனந்தபுரத்தில் இருந்து பறக்க எவ்வளவு நேரம்? ஒரு தளத்தில் 27 நிமிடம் என்கிறார்கள். இன்னொன்றில் ஒரு மணி ஐந்து நிமிடம். எதை நம்ப? நீங்கள் அந்தப் பக்கமெல்லாம் போய் வந்த ஆள் என்பதால் கேட்கிறேன்.

11 பிப்ரவரி, மதியம்

நெய்மீனுக்குப் பணம் எடுத்து வை தம்பி.

கன்னியாகுமரி முனையில் ஒரு குச்சி நட்டு, அதில் நூலைக் கட்டிக் கொழும்பு வரை இழுத்தால் சுமார் 285 கிலோமீட்டர். அதே நூலைச் சென்னைக்கு இழுத்தால் 630. பாதிகூட இல்லை. நாகர்கோவிலில் குச்சி நட்டாலும் கொழும்பு 300 சொச்சம்தான். இதில் பெரிய வேடிக்கை கோயம்புத்தூர். நாகர்கோவிலில் இருந்து கோயம்புத்தூருக்கு நேர்கோட்டில் 318 வருகிறது. கொழும்பு அதைவிடப் பக்கம்.

விமானத்துக்கு: திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இருந்து கொழும்புக்கான கட்டுநாயக்கா விமான நிலையம் வரை 310 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள். 27 நிமிடத்தை மறந்துவிடு, ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

11 பிப்ரவரி, இரவு 10.40

310 தப்பு.

தூத்தூர்க்காரர் ஒருவர், ஆழ்கடலுக்குப் போகிறவர், ஒரே வரியில் மடக்கிவிட்டார்: "193 மைல் சரி, அண்ணாச்சி எந்த மைலால பெருக்கினீங்க?"

என் பழைய நோட்டில் 193 மைல் என்று எழுதி வைத்திருந்தேன். அதை 1.609ஆல் பெருக்கினேன். அது ரோட்டு மைல். கடலிலும் வானத்திலும் மைல் வேறு, ஒரு மைலுக்கு 1.852 கிலோமீட்டர். 193ஐ அதனால் பெருக்கினால் 357. ஆக, திருவனந்தபுரம்–கட்டுநாயக்கா 357 கிலோமீட்டர். இதுதான் சரி.

இருபது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். வெட்கமாகத்தான் இருக்கிறது. கடல் மைல் எங்கிருந்து வந்தது என்பதை வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன்: அட்சரேகையில் ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைல். அதனால்தான் வரைபடத்தின் ஓரத்தில் உள்ள டிகிரிக் கோட்டிலேயே கவராயத்தை வைத்துத் தூரம் அளக்கலாம், தனியாக ஸ்கேல் தேவையில்லை. தூத்தூரிலும் வள்ளவிளையிலும் இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டிய அவசியமில்லை. சுறாவுக்கும் சூரைக்கும் லட்சத்தீவுப் பக்கம் போய் வருகிறவர்களுக்கு மைல் என்றாலே இந்த மைல்தான். கரையில் இருக்கிறவனுக்குத்தான் குழப்பம்.

13 பிப்ரவரி

இப்போது அந்த 27 நிமிடம்.

அது எப்படி வருகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். 357ஐ 800ஆல் வகுத்திருக்கிறார்கள். மணிக்கு 800 கிலோமீட்டர் என்பது ஜெட் விமானம் உயரே போய் நேராகப் பறக்கும்போது உள்ள வேகம். வடசேரியில் பஸ் எடுத்த நிமிடமே எண்பதில் போகுமா? அதே கதைதான் இங்கேயும். இவ்வளவு குறைந்த தூரத்தில் ஏறுவதும் இறங்குவதும்தான் பாதிக்கு மேல்; நடுவில் நேராகப் போவது கொஞ்ச நேரமே.

நான் ஒரு தடவை வாட்சைப் பார்த்து எழுதி வைத்தேன், பக்கத்தில் இருந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். விமானம் நின்ற இடத்தில் இருந்து அசைந்து, ஓடுபாதையின் முனைக்குப் போய், சக்கரம் தரையை விடும் வரை 11 நிமிடம். சக்கரம் விட்டதில் இருந்து கட்டுநாயக்காவில் சக்கரம் தொடும் வரை 47. தொட்ட பிறகு ஊர்ந்துபோய் நிற்க 7. மொத்தம் 65. டிக்கெட்டில் உள்ள ஒரு மணி ஐந்து நிமிடம் இதுதான். இதைப் பிளாக் டைம் என்பார்கள். நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பார்களே, அந்தக் கட்டையை எடுத்ததில் இருந்து மறுபடி வைக்கும் வரை.

47 நிமிடத்தில் 357 கிலோமீட்டர் என்றால் சராசரி மணிக்கு 456. எண்ணூறு எங்கே, இது எங்கே.

அந்த 47 நிமிடத்துக்குள் ஒரு பன்னும் ஜூஸும் கொடுத்தார்கள். பன்னைப் பிரித்து ஒரு கடி கடிப்பதற்குள் தட்டை மடக்கச் சொல்லிவிட்டார்கள். மிச்சத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இலங்கையில் இறங்கினேன்.

இன்னொன்று சொன்னால் விளங்கும். சென்னையில் இருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் கிட்டத்தட்ட இதே தூரம்தான், 355 கிலோமீட்டர். அந்தத் தடத்தில் ஏடிஆர் என்ற புரொப்பெல்லர் விமானம் ஓடுகிறது, உயரே போனாலும் மணிக்கு 500 சொச்சம்தான். ஜெட் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலைக்கு அது ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாமல் எடுக்கும். விமானத்தின் வேகம் பாதியாக இருந்தும் பயண நேரம் இரட்டிப்பாகவில்லை, கவனித்தாயா? ஊர்கிற நேரம் இரண்டுக்கும் ஒன்றுதானே.

13 பிப்ரவரி, சாயங்காலம்

"பாதி" என்றது கொஞ்சம் அதிகப்படி. 800க்கு 500 பாதி இல்லை. தூத்தூர்க்காரர் கண்டுபிடிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

14 பிப்ரவரி

திங்கள்சந்தையில் இருந்து ஒருவர் புதுக் கேள்வி. மாலேக்கு டிக்கெட் போட்டிருக்கிறாராம். போகும்போது 50 நிமிடம், வரும்போது ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று கணக்கு வருகிறதாம். காற்று எதிரில் அடிக்குமா என்கிறார்.

காற்று இல்லை ஐயா, கடிகாரம். மாலத்தீவு நேரம் நம் நேரத்தைவிட அரை மணி பின்னால். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படுகிற ஊர் நேரம், சேரும் நேரம் போய்ச் சேருகிற ஊர் நேரம். நீங்கள் ஒன்றில் இருந்து ஒன்றைக் கழித்திருக்கிறீர்கள். போகும்போது அரை மணி கூட்டுங்கள், வரும்போது அரை மணி கழியுங்கள். இரண்டு பக்கமும் ஒரு மணி இருபது நிமிடம். திருவனந்தபுரத்தில் இருந்து மாலே 607 கிலோமீட்டர், அதற்கு இது சரியான நேரம்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நம் மாவட்டத்தில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு மாலத்தீவு வாத்தியார் உண்டு. நானும் அங்கே ஆறு வருடம் கணக்கு நடத்தினேன். முதல் லீவுக்கு ஊருக்கு வந்தபோது நடந்தது இது. விமானம் இறங்கியது, பெட்டி வந்தது, ஆட்டோ பிடித்துத் தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்தேன். என் வாட்சில் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. வண்டிக்கு நேரம் கிடக்கிறது என்று நிதானமாக ஒரு காப்பியும் பழம்பொரியும் சாப்பிட்டுவிட்டுப் பிளாட்பாரத்துக்குப் போனால், பிளாட்பாரம் காலி. மேலே தொங்கிய கடிகாரத்தில் ஆறரை. வாட்ச் இன்னும் மாலேயிலேயே இருந்திருக்கிறது. இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஒரு பெட்டி முழுவதும் மாசிக்கருவாடு. பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் களியக்காவிளை வரை யாரும் உட்காரவில்லை.

அங்கே இன்னொரு கூத்தும் உண்டு. சில சுற்றுலா விடுதித் தீவுகள் மாலே நேரத்தைவிட ஒரு மணி நேரம் கூட்டித் தங்களுக்கென்று ஒரு நேரம் வைத்துக்கொள்ளும், விருந்தாளிக்கு வெயில் அதிகம் கிடைக்கட்டும் என்று. ஆக, படகு எந்த நேரப்படி வரும் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

15 பிப்ரவரி

கொழும்புக்கு இந்தத் தொல்லை இல்லையா என்று கருங்கல் தம்பி. இப்போது இல்லை. இலங்கையும் நாமும் ஒரே நேரம். ஆனால் பத்து வருடம் அப்படி இல்லை.

1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது, மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க. அதே வருடம் அக்டோபரில் அரை மணி குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினார்கள்.

எங்கள் வீட்டில் இது எப்படித் தெரிந்தது என்றால், அப்பா மூலம். அப்பா தக்கலையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். காலையில் வானொலியில் இலங்கைதான், நமக்கு அது திருச்சியைவிடத் துல்லியமாகக் கேட்கும். அதில் அறிவிப்பாளர் மணி சொல்வதைக் கேட்டுச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்துவது அவர் வழக்கம். ஒரு நாள் காலை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கிவிட்டது என்று கடிகாரத்தைத் திட்டிக்கொண்டே முள்ளைத் தள்ளி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். ரோட்டில் பால்காரரைத் தவிர ஆள் இல்லை. "என்ன ஓய், தூக்கம் வரலியா?" என்று பால்காரர் கேட்ட பிறகுதான் சந்தேகம் வந்ததாம். அன்றைக்குச் சாயங்காலமே சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுபோய்க் கடிகாரக் கடையில் கொடுத்தார். அங்கிருந்தவர் திறந்து பார்த்து எண்ணெய் போட்டுக் காசும் வாங்கிவிட்டார்.

17 பிப்ரவரி

பந்தயத்தை மறுபடி யோசித்தேன். மச்சான் ஜெயித்தது நூலில்தான்.

வீட்டு வாசலில் இருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், என் கடைசிப் பயணத்தை வைத்து. தக்கலையில் காலை 4 மணிக்குக் கார். அந்த நேரத்தில் மார்த்தாண்டம் மேம்பாலம் காலியாக இருக்கும், களியக்காவிளையில்கூட நிற்க வேண்டியதில்லை. எல்லை தாண்டிக் காரோட்டில் பைபாஸ் பிடித்தால் கோவளம் வழியாக நேராகச் சாக்கை. பழைய வழியில் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊர்ந்த காலத்தை நினைத்தால் இது சொர்க்கம். ஐந்தரைக்குள் போய்விட்டோம். கவனம்: வெளிநாட்டு விமானத்துக்குச் சாக்கைப் பக்கம், சங்குமுகம் பக்கம் உள்நாடு. என் கூட வந்தவர் ஒருவர் சங்குமுகத்தில் போய் இறங்கிக்கொண்டு "எங்க இருக்கீங்க?" என்று போன் போட்டார். நடுவில் ஓடுபாதை. நடந்து வர முடியாது, சுற்றித்தான் வர வேண்டும்.

பிறகு மூன்று மணி நேரம் உட்காருவது. பெட்டி போட, முத்திரை குத்த, பையைத் திறந்து காட்ட. என் பையில் ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, இரண்டு சீப்பு மட்டிப்பழம், ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய். ஊறுகாயைக் கைப்பையில் வைத்தது என் புத்திகெட்ட வேலை, எண்ணெய் மிதக்கிற எதையும் உள்ளே விட மாட்டார்கள். அதை வாங்கி வைத்த காவலர் மலையாளத்தில் "நல்ல மணம்" என்றார், அது ஆறுதலா குத்தலா தெரியவில்லை. மட்டிப்பழத்தைப் பக்கத்து வரிசைக்காரர்தான் "அங்கே பழம், செடி எல்லாம் கொண்டுபோகக் கூடாது, பிடுங்கிவிடுவார்கள்" என்றார். அங்கேயே உட்கார்ந்து எட்டுப் பழம் தின்றேன்.

விமானம் 65 நிமிடம். இறங்கி வெளியே வர ஒரு மணி நேரம். கட்டுநாயக்கா கொழும்பு நகருக்குள் இல்லை, முப்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, நீர்கொழும்புப் பக்கம். 2013இல் திறந்த அதிவேகப் பாதை இருப்பதால் நகர எல்லை வரை சீக்கிரம் வரும். அதற்குப் பிறகு காலி என்ற ஊருக்குப் போகும் காலி வீதியில் நெரிசல், நம் செட்டிக்குளம் ஜங்ஷன் எவ்வளவோ மேல். வெள்ளவத்தையில் கதவைத் தட்டும்போது மதியம் 12.45.

ஆக எட்டே முக்கால் மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது 47 நிமிடம்.

இப்போது நாகர்கோவிலில் இருந்து சென்னைக்கு வந்தே பாரத் ஓடுகிறதே, 726 கிலோமீட்டர், அதற்கும் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மடங்குக்கு மேல் தூரம், அதே நேரம். ஊறுகாயையும் யாரும் பிடுங்க மாட்டார்கள். மச்சானிடம் இதைச் சொல்லி நெய்மீனைப் பாதியாக்க முடியுமா என்று பார்.

18 பிப்ரவரி

வள்ளியூர் வாசகருக்கு: மதுரையில் இருந்து கட்டுநாயக்கா 353 கிலோமீட்டர். திருவனந்தபுரத்தைவிட நாலு கிலோமீட்டர் குறைவு. அதற்காக மதுரைக்குப் போய்விடாதீர்கள். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைகுளம் பக்கம்தான், ஆனால் அங்கிருந்து வெளிநாட்டுக்கு ஒன்றும் இல்லை.

22 பிப்ரவரி

தூக்கம் வரவில்லை. பேரனின் அட்லஸை எடுத்துத் திருவனந்தபுரத்துக்கும் கட்டுநாயக்காவுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். பிறகு போனில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கோடு எங்கே போகிறது தெரியுமா? நேராகக் கடலுக்குப் போகவே இல்லை. திருவனந்தபுரத்தில் இருந்து கிழக்கும் தெற்குமாக நம் மாவட்டத்துக்குள்தான் வருகிறது. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் தலைக்கு மேல். பூதப்பாண்டி ஓரம். தோவாளைப் பூச்சந்தை. அப்புறம் கூடங்குளம் பக்கம் கரையை விட்டு மன்னார் வளைகுடா. தக்கலையில் என் வீடு கோட்டுக்குத் தெற்கே ஆறு ஏழு கிலோமீட்டர்தான்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. விடியற்காலை எழுந்து, மேற்கே அறுபது கிலோமீட்டர் போய், மூன்று மணி நேரம் உட்கார்ந்து, காசு கொடுத்து ஏறினால், அவன் பத்து நிமிடத்தில் நம் ஊருக்கே கொண்டுவந்துவிட்டு அப்புறம்தான் இலங்கைக்குப் போகிறான். தோவாளையில் ஒரு ஏணி போட்டுக் கொடுத்தால் நாங்கள் அங்கேயே ஏறிக்கொள்வோம்.

பூதப்பாண்டியில் இருக்கும் என் தங்கையிடம் சொன்னேன். மாடிக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றாள்.

25 பிப்ரவரி

தங்கை மூன்று நாளாக மாடியில் நிற்கிறாள், ஒன்றும் வரவில்லையாம். "வத்தல் காயப் போட்டது மிச்சம்" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் நான் போனபோதும் விமானம் அந்தக் கோட்டில் போகவில்லை. இதை 22ஆம் தேதியே நினைத்திருக்க வேண்டும். ஓடுபாதையின் ஒரு முனை கடலைப் பார்த்துத்தான் இருக்கிறது. அன்று சங்குமுகம் பக்கமாகக் கடலுக்கு மேல் ஏறி, இடது பக்கம் திரும்பி, கரையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே தெற்கே போனது. ஜன்னலில் விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்பும் பெரிய கிரேன்களும் தெரிந்தன. பிறகு ஒரு பழுப்புக் கோடு, தேங்காய்ப்பட்டணமாக இருக்கலாம், குளச்சலாக இருக்கலாம். முனைக்கு வந்தபோது பாறை இரண்டும் கடலில் சிந்திய இரண்டு அரிசி மாதிரி.

விமானம் ஸ்கேலைப் பார்த்துப் போவதில்லை. வானத்தில் பெயர் வைத்த புள்ளிகள் உண்டு, ஒரு புள்ளியில் இருந்து அடுத்த புள்ளிக்குப் போகும், கட்டுப்பாட்டு அறை சொன்னால் விலகும். 357 என்பது குறைந்தபட்சம். பறக்கிற தூரம் அதைவிடக் கூடத்தான் இருக்கும். அப்படியென்றால் என் 456உம் கொஞ்சம் குறைத்துச் சொன்ன வேகம்தான். சரி, விடுவோம்.

கருங்கல் தம்பிக்கு: இடது பக்க ஜன்னல் கேள்.

2 மார்ச்

"கன்னியாகுமரியில் இருந்து ராத்திரி இலங்கை விளக்கு தெரியும், நானே பார்த்திருக்கிறேன்" என்று கொட்டாரத்தில் இருந்து ஒருவர். நீங்கள் பார்த்தது மீன்பிடிப் படகின் விளக்கு, அண்ணாச்சி.

கணக்கு எளிது. நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். கரையில் நின்றால் நாலு ஐந்து கிலோமீட்டர். வள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி, அதாவது 41 மீட்டர். உச்சியில் ஏறி நின்றாலும் 23 கிலோமீட்டர் தாண்டாது. முனையில் இருந்து இலங்கையின் மேற்குக் கரை 230 கிலோமீட்டருக்கு மேல். அதைப் பார்க்க நாலாயிரம் மீட்டர் உயரம் வேண்டும். ஆனைமுடியே 2695தான்.

சுற்றுலா வருகிறவர்களிடம் "அதோ தெரியுதே, அதான் சிலோன்" என்று காட்டுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். காசு வாங்காமல் காட்டுகிறவரை இருக்கட்டும்.

5 மார்ச்

கப்பல் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்கு 2011 ஜூனில் பயணிகள் கப்பல் விட்டார்கள், அந்த வருடமே நின்றுவிட்டது. இப்போது நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குத்தான் உண்டு, 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள். சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். ஆனால் நமக்கு நாகப்பட்டினம் போய்ச் சேரவே ஒரு ராத்திரி வேண்டும், அங்கே இறங்குவதும் வடக்கு முனையில். கொழும்புக்குப் போகிறவருக்குப் பயனில்லை.

என் தாத்தா தலைமுறை போட் மெயிலில் போனது. தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறித் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போயிற்று. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ராமேஸ்வரத்தில் இருந்து ஓடியது. தாத்தா கொண்டுவந்த தகரப் பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது, உள்ளே இப்போது சாக்குதான்.

12 மார்ச்

தம்பி, முக்கியமான விஷயம், இத்தனை நாள் மறந்துவிட்டேன். உன் டிக்கெட் தேதியைப் பத்மநாபசுவாமி கோயில் பைங்குனி ஆறாட்டோடு ஒத்துப் பார்.

சிரிக்காதே. ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிற வழி ஓடுபாதைக்குக் குறுக்கே இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு நாள், ஐப்பசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று, சாயங்காலம் சில மணி நேரம் ஓடுபாதையை மூடிவிடுவார்கள். விமானமெல்லாம் நேரம் மாறும். சாமி போய்க் கடலில் நீராடித் திரும்பிய பிறகுதான் மற்றவர்களுக்கு வழி. விமானத் தளம் 1932இல் பறக்கும் கழகமாகத் தொடங்கியது, ஊர்வலம் அதற்கு எவ்வளவோ முந்தியது. முதலில் வந்தவருக்கு முதல் உரிமை.

அப்போது நாமும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1 வரைக்கும் அது நம் தலைநகர், நம் விமான நிலையம். எல்லை மாறியது, வழி மாறவில்லை. இன்றைக்கும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்தில் இருந்து சரஸ்வதி, வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் அதே ரோட்டில்தான் திருவனந்தபுரத்துக்குப் போகிறார்கள், வழியில் தங்கித் தங்கி. நாம் ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று முனகுகிறோம்.

13 மார்ச்

தேதி மோதவில்லையாம். நல்லது.

19 ஏப்ரல்

கருங்கல் தம்பி போய் வந்துவிட்டான். எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "இடது ஜன்னல் கிடைத்தது அண்ணாச்சி, முழுக்க மேகம். விழிஞ்ஞமும் இல்லை, முனையும் இல்லை. சக்கரம் விட்டுச் சக்கரம் தொட 44 நிமிடம். வீட்டில் இருந்து அக்கா வீடு வரை ஒன்பது மணி இருபது நிமிடம், நீர்கொழும்பில் ஒரு டயர் பஞ்சர்."

என் 47க்கும் அவன் 44க்கும் மூன்று நிமிட வித்தியாசம். அவன் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தவன், நான் முள் வாட்சைப் பார்த்தவன், அதனால் அவனுடையதையே வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, பொறுங்கள், வேறு நாள், வேறு காற்று, எந்த முனையில் ஏறியதோ அதுவும் தெரியாது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்மீன் விஷயம் கேட்டவர்களுக்கு: குளச்சலில் அன்றைக்கு நெய்மீன் வரவில்லை என்று சொல்லிச் சாளை வாங்கிக் கொடுத்திருக்கிறான். மச்சான் இன்னும் அவனோடு பேசவில்லை.